சென்னை முடிந்த இடம்

1940 ஜனவரி 10-ம் தேதி கே.ஜே.யேசுதாஸ் பிறந்தபோது, அவர் பிறந்த தெரு சென்னை மாகாணத்தில் இருந்தது. ஊர் கொச்சிக் கோட்டை. வீட்டுப் பேச்சு மலையாளம். தகப்பனார் அகஸ்டின் ஜோசப் மலையாள நாடக மேடைகளில் பாடி நடித்துப் பெயர் வாங்கியவர். என்றாலும் அந்தத் தெருவின் கணக்கு மலபார் மாவட்டத்தில் சேர்ந்தது; மலபார் மாவட்டமோ சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு அடங்கியது. அங்கிருந்து கிழக்கே நடந்தால், வாயில் போட்ட வெற்றிலை கரைவதற்குள் இன்னொரு நாடு வந்துவிடும். அங்கே மகாராஜா ஆட்சி. தபால் வேறு, போலீஸ் வேறு, நீதிமன்றம் வேறு. அந்த நாட்டின் முதல் ஊர் மட்டாஞ்சேரி.

இன்று கொச்சிக்குப் போகிற நம்மவர்கள் சீன வலையைப் பார்த்துவிட்டு, ஆட்டோ பிடித்து யூதத் தெருவுக்குப் போய், சுக்கும் ஏலக்காயும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். வழியில் அந்த ஆட்டோ ஒரு சிறு பாலத்தைக் கடக்கிறது. கீழே கறுத்துத் தேங்கிய நீர். ராமேசுவரம்–கல்வத்தி கால்வாய் என்று அதற்குப் பெயர். இந்தப் பக்கம் கோட்டை, அந்தப் பக்கம் மட்டாஞ்சேரி என்று ஊர்க்காரர்கள் இப்போதும் அதைக் காட்டித்தான் சொல்கிறார்கள். 1795 முதல் 1956 வரை 161 ஆண்டுகள் ஆங்கிலேயர் கொச்சி, மன்னர் கொச்சி என்று பிரிந்த இரண்டு பாதிகளும் இங்கே முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருந்தன. அதற்கு முன்பே போர்ச்சுக்கீசியரும் டச்சுக்காரர்களும் இதே இடத்தில் தங்கள் எல்லையைப் போட்டிருந்தார்கள்.

எல்லையோரத்து ஊர் என்றால் பாவப்பட்ட ஊர் என்றுதான் நமக்கு நினைப்பு. இரண்டு பக்கத்துப் படையும் மிதித்துப் போகும், இரண்டு அரசும் கவனிக்காது. மட்டாஞ்சேரியின் கதை அப்படி மட்டும் இல்லை. ஒரே ஆட்சியின் கீழ் இருப்பவனுக்கு, அந்த ஆட்சி சினந்தால் போக்கிடம் கிடையாது. இரண்டு ஆட்சிகள் தோளுரசும் இடத்தில் இருப்பவனுக்கோ கூப்பிடு தூரத்தில் இன்னொரு வாசல் இருக்கிறது. வேறு வேறு ஊர்களிலிருந்து துரத்தப்பட்டவர்கள் இந்தச் சின்ன மண்ணில் வந்து குவிந்ததற்கு மிளகு ஒரு காரணம் என்றால், இந்த இன்னொரு வாசல் மற்றொரு காரணம் என்று நான் நம்புகிறேன். அந்த வாசல் சிலரைக் காப்பாற்றியது. சிலர் தட்டியபோது திறக்கவில்லை.

மேல் கொச்சி, கீழ்க் கொச்சி

1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் கொடுங்கல்லூர்த் துறையை மண்மூட வைத்து, கொச்சியின் கழிமுகத்தைத் திறந்துவிட்டது என்பார்கள். நம் சங்கப் பாடல்களில் வருகிற முசிறி தூர்ந்து, கொச்சி பிறந்த கதை அது. பெரும்படப்பு மன்னர் குடும்பம் 15-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வந்து சேர்ந்தது. 1500 டிசம்பரில் போர்ச்சுக்கீசியன் கப்ரால் வந்தான். 1503-ல் கடல் வாய்க்கு அருகே போர்ச்சுக்கீசியக் கோட்டை எழுந்தது. கோழிக்கோட்டுச் சாமூதிரியிடமிருந்து தப்பிக்க மன்னருக்கு ஒரு துணை தேவைப்பட்டது; மிளகு ஏற்ற போர்ச்சுக்கீசியருக்கு ஒரு துறை தேவைப்பட்டது. கோட்டை இருந்த இடத்தைக் கீழ்க் கொச்சி என்றும், மன்னர் இருந்த மட்டாஞ்சேரியை மேல் கொச்சி என்றும் போர்ச்சுக்கீசியர்கள் தங்கள் மொழியில் அழைத்தார்கள்.

மட்டாஞ்சேரி அரண்மனையும் அவர்கள் கட்டித் தந்ததுதான். அருகிலிருந்த கோயிலைக் கொள்ளையிட்ட பிறகு, மன்னரின் மனத்தாங்கலைத் தீர்க்க 1555 வாக்கில் அதைக் கட்டிக் கொடுத்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. 1663-ல் டச்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்த பின் அரண்மனையைப் பழுதுபார்த்ததால் டச்சு அரண்மனை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வெளியிலிருந்து பார்த்தால் ஓட்டுக்கூரை போட்ட பெரிய வீடு. உள்ளே போனால் சுவரெல்லாம் ராமாயணம். நடுமுற்றத்தில் பழயன்னூர் பகவதி. ஐரோப்பியன் கட்டிய வீட்டுக்குள் மன்னர் தன் குலதெய்வத்தைக் குடியேற்றி, பள்ளியறைச் சுவரில் தசரதனின் வேள்வியைத் தீட்டவைத்தார். அந்தச் செம்மண் சிவப்பையும் பச்சையையும் பார்க்க மட்டும் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கலாம்.

அந்த அரண்மனையின் சுவரை ஒட்டி என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். கொடுங்கல்லூரில் வாழ முடியாமல் வந்த யூதர்களுக்கு மன்னர் தன் அரண்மனைக்குப் பக்கத்திலேயே நிலம் கொடுத்தார். 1568-ல், பிறதேசத்தவர் என்ற பொருளில் பரதேசி எனப்பட்ட யூதர்களின் ஜெபாலயம் அங்கே எழுந்தது. ஐரோப்பாவில் யூதர்களை விரட்டிய போர்ச்சுக்கல் அரசின் கோட்டை கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்க, இங்கே மன்னர் வீட்டுச் சுவரோடு சுவராக அவர்கள் தொழுகை நடத்தினார்கள். 1662-ல் போர்ச்சுக்கீசியர்கள் அதைச் சேதப்படுத்தினார்கள். இரண்டே ஆண்டில், டச்சுக்காரர்கள் வந்த பிறகு, அது மீண்டும் எழுந்தது. 1760-ல் எசக்கியேல் ரஹாபி என்ற யூத வணிகர் கட்டிய மணிக்கூண்டு இன்னும் நிற்கிறது. அரண்மனையைப் பார்த்த முகத்தில் மலையாள எண்கள், தொழ வருகிறவர்கள் பார்க்கிற முகத்தில் எபிரேய எழுத்துகள், வணிகர்களுக்கு ரோமன் எண்கள். யார் எந்த எழுத்தில் படித்தாலும் ஒரே நேரம்.

அந்த ஜெபாலயத்துக்குள்ளேயே ஒரு கோடு இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழிவந்த யூதர்களுக்கு உள்ளே சமமான இடம் தரப்படவில்லை. அந்த வழியில் வந்த வழக்கறிஞர் ஏ.பி.சேலம் இதை எதிர்த்து அறவழியில் பல்லாண்டு போராடினார். யூத காந்தி என்று அவரை அழைத்தார்கள். 1967-ல் அவர் இறந்தபோது அந்தத் தெருவே ஏறக்குறைய காலியாகத் தொடங்கியிருந்தது. இஸ்ரேல் உருவான பின் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறினார்கள். சன்னலோரம் உட்கார்ந்து தையல் வேலை செய்த சாரா கோஹன் 2019-ல் தமது 96-வது வயதில் காலமானார். இப்போது அந்தத் தெருவில் யூதர் என்று எண்ண ஒரு கைவிரல்கூட வேண்டாம். பெயர்ப் பலகையில் மட்டும் யூதத் தெரு.

காயல்பட்டினத்துக் காற்று

மட்டாஞ்சேரியில் கொச்சங்காடி என்றொரு பகுதி. 1344-ல் அங்கே ஒரு ஜெபாலயம் இருந்ததற்கான கல்வெட்டை இன்றும் பரதேசி ஜெபாலயத்தில் பதித்து வைத்திருக்கிறார்கள். அதே கொச்சங்காடியில்தான் செம்பிட்ட பள்ளி நிற்கிறது. கூரையில் செம்புத் தகடு வேய்ந்த பள்ளிவாசல். 16-ம் நூற்றாண்டில் எழுந்தது. தமிழ்நாட்டு வாசகர் இங்கே சற்று நிற்கலாம். மலபார் இஸ்லாமிய மரபின் பெருந்தூணான மக்தூம் குடும்பம் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தது என்பது மரபு. முதல் ஸைனுத்தீன் மக்தூம் 1467-ல் பிறந்தது கொச்சியில். பிறகுதான் பொன்னானிக்குப் போனார். அவருடைய பேரர்தான் போர்ச்சுக்கீசியரின் கொடுமைகளை அரபியில் எழுதிவைத்தவர்.

மட்டாஞ்சேரியின் நைனா முஸ்லிம்களும் தங்கள் வேரைக் காயல்பட்டினத்தில்தான் காட்டுகிறார்கள். பெயரின் பின்னால் நிற்கும் நைனாவே அடையாளம். கேரளம் மிளகு விளைந்த நாடு. அரிசி அங்கே எப்போதும் பற்றாக்குறை. சோழமண்டலத்து மரைக்காயர்கள் அரிசியும் துணியும் ஏற்றி வந்து மிளகோடு திரும்பினார்கள். வந்தவர்களில் சிலர் இங்கேயே தங்கி, நூறு ஆண்டுகளில் மலையாளிகளாகிவிட்டார்கள். கொச்சி வரலாற்றைப் பேசும்போது வாஸ்கோ டகாமா முதல் வரியில் வருகிறார். காயல்காரர்கள் அடிக்குறிப்பில்கூட வருவதில்லை. அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

வாசல் சாத்தப்பட்ட நாள்

1652-ல் மேற்காசியாவிலிருந்து அகத்தல்லா என்ற ஆயர் நம் மயிலாப்பூருக்கு வந்து சேர்ந்தார். மலபாரின் மார்த்தோமா கிறிஸ்தவர்கள் தங்கள் பழைய வழிபாட்டு மரபிலிருந்து ஓர் ஆயர் வரமாட்டாரா என்று ஏங்கிக் கிடந்த காலம். போர்ச்சுக்கீசியர்கள் அவரைத் தடுத்துவைத்து, கோவாவுக்குக் கப்பலேற்றினார்கள். கப்பல் கொச்சி வழியாகப் போகிறது என்று கேட்டு ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்து, அவரை ஒருமுறை காட்டுங்கள் என்று மன்றாடினார்கள். கோட்டைக் கதவு சாத்தப்பட்டது.

கோட்டைக்கு வெளியே மன்னர் மண். 1653 ஜனவரி 3-ம் தேதி, மட்டாஞ்சேரியில் ஒரு கற்சிலுவையின் முன் கூடி, இனி இந்தப் பாதிரிமாருக்குக் கீழ்ப்படிய மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்ய எல்லோருக்கும் இடம் போதவில்லை. அதனால் நான்கு பக்கமும் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். இழுத்த இழுப்பில் சிலுவை சாய்ந்தது என்பது கதை. கூனன் குரிசு, கூன் விழுந்த சிலுவை என்ற பெயர் நிலைத்துவிட்டது. கேரளத்து மார்த்தோமா கிறிஸ்தவ சபைகளின் பிரிவுகள் பலவும் அந்தக் கயிற்றிலிருந்து கிளைத்தவை. கோட்டைக்குள் அந்தச் சத்தியம் நடந்திருக்க முடியாது. சில நூறு கஜம் தள்ளி நடந்தது.

பத்து ஆண்டில் போர்ச்சுக்கீசியரே கோட்டையை விட்டு ஓட வேண்டி வந்தது. ஓடும்போது புதையலைக் குழிக்குள் இறக்கி, காவலுக்கு ஆப்பிரிக்க அடிமைகளைக் கொன்று கூடவே புதைத்தார்கள் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. மட்டாஞ்சேரி மாங்காட்டுமுக்கில் காப்பிரி முத்தப்பனுக்கு ஒரு சிறு மாடம் இருக்கிறது. சுருட்டும் கள்ளும் முட்டையும் படைக்கிறார்கள். பெயர்கூட எழுதிவைக்கப்படாத ஓர் அடிமையைத் தாத்தனாக்கி, தெருவோரத்தில் உட்காரவைத்து விளக்கேற்றுகிறது இந்த ஊர். நம் ஊர் மதுரை வீரனையும் காத்தவராயனையும் நினைத்துக்கொண்டேன். கொல்லப்பட்டவனைச் சாமியாக்குவது நமக்கும் தெரிந்த முறைதான்.

கொங்கணிகளின் கதை இன்னும் சிக்கலானது. கோவாவில் மதமாற்ற நெருக்கடி தாங்காமல் 16-ம் நூற்றாண்டில் தெற்கே இறங்கிய கௌட சாரஸ்வதர்கள் மட்டாஞ்சேரி செர்லாயில் குடியேறி, திருமலை தேவஸ்வம் கோயிலைக் கட்டினார்கள். கடைத்தெரு அவர்கள் கையில் வந்தது. கொங்கணி வைத்தியர்களான ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் மூவரும், ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனும் இல்லாமல் டச்சு ஆளுநர் வான் ரீடின் மாபெரும் தாவர நூல் வந்திருக்காது. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சான அந்த நூலின் முதல் தொகுதியிலேயே இந்த நால்வரின் சான்றுரைகளும் அவரவர் எழுத்தில் இருக்கின்றன.

கொங்கணிகள் குடியிருந்தது மன்னர் மண்ணில். ஆனால் உடன்படிக்கைகளின்படி அவர்களுக்குப் பாதுகாப்பு டச்சுக் கும்பனியிடம். யார் வரி கேட்பது, யார் தண்டிப்பது என்று நூறு ஆண்டுக்கு மேல் இழுபறி. கொச்சி மன்னர் சக்தன் தம்புரான் காலத்தில் அது வெடித்தது. 1791 அக்டோபரில் கொங்கணித் தலைவர் தேவரச கிணி உள்ளிட்டோர் கொல்லப்பட்டார்கள், கடைகள் சூறையாடப்பட்டன. டச்சு ஆளுநர் வான் ஆங்கல்பெக் கொதித்தெழுந்தும், போன உயிர் போனதுதான். பலர் திருவிதாங்கூருக்கு ஓடினார்கள். கோயில் மூர்த்தியை ஆலப்புழைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அது மட்டாஞ்சேரிக்குத் திரும்பியது 1853-ல். இரண்டு குடைகளுக்கு நடுவே நின்றவர்கள் முழுக்க நனைந்த கதை இது. எல்லை காப்பாற்றும் என்று முன்னே நான் சொன்னதை இந்த இடத்தில் நானே ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அஞ்சல் ஒரு பக்கம், தபால் ஒரு பக்கம்

1795 அக்டோபர் 20-ம் தேதி டச்சுக்காரர்கள் கோட்டையை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார்கள். 1806-ல் ஆங்கிலேயர்கள் வெடி வைத்து மதில்களைத் தகர்த்தார்கள். 1814-ல் டச்சுக்காரர்கள் கொச்சியை எழுதிக் கொடுத்துவிட்டு, பதிலுக்குச் சுமத்ரா அருகே பங்கா தீவை வாங்கிக்கொண்டார்கள். இந்த ஊர் மக்களுக்கு அந்தத் தீவு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது. மதில் போனது, எல்லை போகவில்லை. கொச்சி மன்னர் ஏற்கெனவே ஆங்கிலக் கும்பனிக்குக் கப்பம் கட்டும் சிற்றரசர். ஆனாலும் மட்டாஞ்சேரி அவர் நாடு, கோட்டை சென்னையின் துண்டு. இதே போலத் திருவிதாங்கூருக்குள் கிடந்த தங்கசேரியும் அஞ்சுதெங்கும் ஒரு காலத்தில் திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டிருந்தன. தொடுத்த மாலையிலிருந்து உதிர்ந்த பூப்போலக் கடற்கரை நெடுகச் சென்னையின் துணுக்குகள்.

அன்றாட வாழ்வில் இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கோட்டைப் பக்கம் ஆங்கில அரசின் தபால் நிலையம். மட்டாஞ்சேரிப் பக்கம் மன்னரின் தபால். அதற்குப் பெயர் அஞ்சல். ஆம், நாம் இன்று எழுதுகிற அதே அஞ்சல். தமிழ்நாட்டில் தூய தமிழ்ச் சொல்லாக மீட்டெடுத்து வைத்துக்கொண்டிருக்கிற இந்தச் சொல், கொச்சியிலும் திருவிதாங்கூரிலும் அரசுத் துறையின் பெயராகவே புழங்கியது. மணி கட்டிய கோலோடு ஓடிப்போய்க் கடிதம் சேர்ப்பவர் அஞ்சலோட்டக்காரர். 1892-ல் கொச்சி அரசு தனக்கென வெளியிட்ட முதல் அஞ்சல் தலைகளில் விலை புத்தன் கணக்கில் அச்சடித்திருந்தது. புத்தன் என்பது கொச்சி நாட்டுக் காசு. பக்கத்துத் தெருவில் அணாவும் பைசாவும். அஞ்சல் 1951-ல்தான் இந்தியத் தபாலோடு கலந்தது.

கோட்டைக்கு நகராட்சி வந்தது 1866 நவம்பர் 1-ம் தேதி, சென்னை மாகாணச் சட்டப்படி. மட்டாஞ்சேரிக்கு 1896-ல்தான் மன்னர் நகர சபை அமைத்தார். சென்னை மாகாணம் முழுக்க 1948-ல் மதுவிலக்கு நிறைவேறியபோது, சட்டம் கால்வாய்க்கு இந்தப் பக்கம் செல்லும். அந்தப் பக்கம் செல்லாது. 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டைக்கு டெல்லியோடு சேர்ந்து விடுதலை. மட்டாஞ்சேரிக்காரர்கள் இன்னும் மகாராஜாவின் குடிகள். 1949 ஜூலையில் மகாராஜாவின் கொச்சி திருவிதாங்கூரோடு சேர்ந்து திருவிதாங்கூர்-கொச்சி மாநிலமானது. அப்போதும் எதிர்த் தெரு சென்னை மாநிலம். வீட்டில் பெண் கொடுத்த இடம் ஒரு நாட்டில், கடை இன்னொரு நாட்டில் என்று வாழ்ந்த குடும்பங்கள் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் நடந்து கடந்திருக்கும். கால்வாயைத் தாண்ட யாரும் கடவுச்சீட்டு கேட்கவில்லை.

கோட்டைப் பக்கத்தில் பட்டாளம் என்றே ஓர் இடம். சிப்பாய்க் குடும்பங்கள் தங்கிய பகுதி. தக்கணி பேசும் அத்தகைய குடும்பத்தில் 1926-ல் பிறந்தவர் பாடகர் மெஹபூப். மலையாளத் திரைப்படங்களின் தொடக்க காலத்துப் பின்னணிப் பாடகர். அதைவிட, மட்டாஞ்சேரியின் கல்யாண வீடுகளிலும் மாடியறைகளிலும் விடிய விடியப் பாடிய மெஹபூப் பாய். 1981-ல் இறந்தார். கேரளத்தின் மற்ற ஊர்களில் கதகளியும் செண்டையும் என்றால் இந்த ஊரில் ஆர்மோனியமும் தபலாவும் கஜலும். குஜராத்திகள், கச்சி மேமன்கள், போராக்கள், ஜைனர்கள் என்று முப்பதுக்கும் மேற்பட்ட சமூகங்களை எண்ணிக் காட்டுகிறார்கள். அத்தனை பேரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்க ஒரு பொது இசை தேவைப்பட்டிருக்கும்.

சாப்பா

ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1920-ல் கொச்சிக்கு வந்தார். கழிமுகத்தை அடைத்துக் கிடந்த மணல் திட்டை வெட்டி, கப்பல் உள்ளே வரும்படி வழி செய்வது அவர் வேலை. 1928 மே மாதம் பத்மா என்ற கப்பல் முதன்முதலாக உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. தோண்டிய மண்ணில் வில்லிங்டன் தீவு பிறந்தது. சென்னை, கொச்சி, திருவிதாங்கூர் என மூன்று அரசுகளின் நீரும் நிலமும் அங்கே சந்தித்ததால், துறைமுகத்தைப் பற்றிய பேச்சுவார்த்தை வெட்டிய மணலைவிட அதிகமாகக் குவிந்தது. சுங்க வருமானத்தை இந்திய அரசும் இரண்டு சமஸ்தானங்களும் பங்கிட்டுக்கொண்டன.

அந்த வருமானத்தை முதுகில் சுமந்தவர்கள் மட்டாஞ்சேரிக்காரர்கள். சாப்பா முறை என்று ஒன்று இருந்தது. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் அன்றைய வேலைக்கான உலோக வில்லைதான் சாப்பா. காலையில் தொழிலாளர் கூட்டம் காத்து நிற்கும். வேலை பத்துப் பேருக்கு என்றால் நிற்பது நூறு பேர். வேலைக்கு ஆள் எடுக்கும் மூப்பன் வில்லைகளை அள்ளிக் கூட்டத்தின் நடுவே வீசுவான். கோழிக்குத் தீனி இறைப்பது போல. அடித்துப் பிடித்து, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து, விரல் நசுங்கக் கைப்பற்றியவனுக்கு அன்று கூலி. வெறுங்கையோடு எழுந்தவன் வீட்டில் அன்று அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டுக்காரனோடு, சொந்த அண்ணன் தம்பியோடு, தினமும் மண்ணில் புரண்டு சண்டை போட்டால்தான் சோறு என்று ஒரு மனித ஏற்பாடு! இதை எழுதும்போதே கை கூசுகிறது.

தொழிலாளர்கள் சங்கம் கட்டிப் போராடினார்கள். 1953 செப்டம்பர் 15-ம் தேதி மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. சைது, சைதலவி என்ற தொழிலாளர்கள் இருவரும் அங்கேயே விழுந்தார்கள். அந்தோணி என்ற தொழிலாளர் காவல் சித்திரவதைக்குப் பின் இறந்தார். அந்த நாளில் அவர்கள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலக் குடிகள். கால்வாய்க்கு அப்பால் சென்னை மாநிலம். இரண்டில் எந்த அரசின் வாசலும் அவர்களுக்குத் திறக்கவில்லை. முதலாளியின் சரக்குக்கு மட்டும் இரண்டு பக்கமும் திறந்தே இருந்தது. கே.எம்.சிதம்பரன் இந்த வாழ்க்கையை நாடகமாக எழுதினார். அதிலிருந்து ராஜீவ் ரவி இயக்கிய ‘துறமுகம்’ 2023-ல் திரைக்கு வந்தது. ஒவ்வொரு செப்டம்பரிலும் அந்த மூவரையும் மட்டாஞ்சேரி நினைக்கிறது. யூதத் தெருவில் மிளகு வாங்கப் போகிறவர்கள் அரை மணி நேரம் அவர்களுக்காகவும் நிற்கலாம்.

வெளி

1956 நவம்பர் 1-ம் தேதி கேரளம் பிறந்தது. கோட்டை சென்னையை விட்டுப் போனது. 1967 நவம்பர் 1-ம் தேதி ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் நகராட்சிகள் சேர்ந்து ஒரே மாநகராட்சியாயின. காகிதத்தில் கோடு முற்றிலும் அழிந்தது.

தெருவில் அழியவில்லை. பங்களாக்களும் மழைமரங்களும் கோட்டைப் பக்கம். தங்கும் விடுதி, காபிக் கடை, ஓவியக் காட்சி எல்லாம் பெரும்பாலும் அங்கே. மட்டாஞ்சேரியில் கிட்டங்கிகளும் நெருக்கியடித்த வீடுகளும். சரக்கு வில்லிங்டன் தீவுக்கும் வல்லார்பாடத்துக்கும் போன பின், கடைத்தெருவில் பல கதவுகள் சாத்தியே கிடக்கின்றன. 2012-ல் தொடங்கிய கலை விழாவின்போது மட்டும் சில கிட்டங்கிகள் திறந்து வெளிச்சம் பார்க்கின்றன. வாட்டர் மெட்ரோ படகு ஃபோர்ட் கொச்சிக்கு 2024 ஏப்ரலில் வந்தது. மட்டாஞ்சேரித் துறை 2025 அக்டோபர் வரை காத்திருந்தது. கோடு போட்டவர்கள் போய்விட்டாலும், எந்தப் பக்கம் முதலில் என்ற வரிசை மாறவில்லை.

கோட்டையின் தென்பக்கம் வெளி என்றொரு இடம். திறந்த நிலம் என்பதுதான் பொருள். தமிழருக்கு விளக்கம் வேண்டாம். அங்கே வண்ணார் சங்கத்தின் சலவைத் துறை இருக்கிறது. டச்சுப் படையினரின் உடுப்பை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து தங்கள் முன்னோர் அழைத்து வரப்பட்டார்கள் என்று வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். பின்பு ஆங்கிலேயப் படைக்கும் வெளுத்தார்கள். கோட்டையைச் சுற்றியிருந்த குளங்களில் துவைத்தவர்களுக்கு 1976-ல் வளர்ச்சிக் குழுமம் இந்தத் துறையைக் கட்டிக் கொடுத்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தொட்டி, ஒரு கல். தமிழில் பேச்சுக் கொடுத்தால் தமிழில் பதில் வரும். உப்புக்காற்றும் மலையாளமும் ஊறிய தமிழ்.

விடியலிலேயே கல்லில் துணி அறையும் ஓசை கேட்கத் தொடங்கிவிடும். நீலம் போட்டு, அரிசிக் கஞ்சியில் முக்கி, பிழிந்து, கொடிக்குக் கொண்டுபோவார்கள். கொடியில் ஒரு கவ்வி கிடையாது. இரண்டு கயிறுகளை முறுக்கி, அந்த முறுக்குக்குள் துணியின் நுனியைச் செருகிவிடுகிறார்கள். கடற்காற்று எவ்வளவு வீசினாலும் முறுக்கு விடுவதில்லை. உள்ளே நீண்ட கொட்டகையில் கரி போட்ட இஸ்திரிப் பெட்டிகள். பெட்டியின் கனத்தை ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன். இரண்டாவது கையும் தேவைப்பட்டது. அதைப் பகல் முழுக்கத் தள்ளுகிறார்கள், எழுபது வயதைத் தாண்டியவர்கள்கூட.

கோட்டை விடுதிகளின் படுக்கை விரிப்பும், மட்டாஞ்சேரி வீடுகளின் கைலியும், மருத்துவமனைத் துணியும், பள்ளிச் சீருடையும் ஒரே கொடியில் ஆடுகின்றன. எது எந்த வீட்டுத் துணி என்பதற்கு ஓரத்தில் ஒரு சின்னக் குறி. மாலையில் அந்தக் குறியைப் பார்த்துப் பிரித்து, மடித்து, மூட்டை கட்டி, சைக்கிளில் ஏற்றிக்கொண்டு புறப்படுகிறார்கள். பாதி மூட்டை இந்தப் பக்கத் தெருக்களுக்கு. மீதி மூட்டையோடு சைக்கிள் கிழக்கே திரும்பி, பாலத்தில் ஏறி, கறுத்த நீரைக் கடந்து போகிறது.